நாத்தனாருக்கு நான் விசா ஆபீசராக இருந்த மாதம்

"நீ ஆபீசரா கேட்டியா, அண்ணியா கேட்டியா?"

கம்பெனி பஸ்ஸுக்காக நான் நின்றிருந்த இடத்தில், பைக்கை அணைக்காமலேயே என் கணவர் இதைக் கேட்டார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, கம்பெனி இருக்கும் குடிகாடு வந்து, கெமிக்கல் நாற்றம் மூக்கில் ஏறும் வரை யோசித்தேன். நான்கு வருஷம் ஆகிறது. இன்னும் பதில் தெரியவில்லை.

கேள்வி என் நாத்தனாரைப் பற்றியது. கணவரின் ஒரே தங்கை. சிதம்பரத்தில் இன்ஜினீயரிங் முடித்த கையோடு, எம்.எஸ். படிக்க அமெரிக்காவில் இடம் வாங்கியிருந்தாள். இரண்டாயிரத்து எட்டு. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான் ஒரு கெமிக்கல் கம்பெனியில் லேப் கெமிஸ்ட்.

எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பொறாமை அமெரிக்காவில் ஆரம்பிக்கவில்லை, சாப்பாட்டில் ஆரம்பித்தது. என் பிறந்த வீடு சிதம்பரம். நான் கல்யாணமாகிக் கடலூர் வந்து அவளுடைய அம்மாவுக்குச் சமைத்துக்கொண்டிருந்த நாட்களில், அவள் சிதம்பரத்தில் ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று என் அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ஊருக்கு வரும்போது, "அண்ணி, உங்க அம்மா குடுத்தாங்க" என்று கத்திரிக்காய் கொத்சு டப்பாவை நீட்டுவாள். பாதி காலியாக இருக்கும். "பஸ்ல பசிச்சிது அண்ணி" என்பாள். சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

இன்னொன்றும் உண்டு. இரண்டாயிரத்து நாலில் சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் படித்தபோது எனக்கும் ஒரு அமெரிக்க யுனிவர்சிட்டியிலிருந்து இடம் வந்தது. பாதி ஃபீஸ் தள்ளுபடி. அப்பா ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். கடிதத்தை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனார். என்ன ஈடு வைப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நாங்கள் இருந்தது வாடகை வீடு. திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "பாதி அவன் தர்றான். மீதி பாதிக்கு என்னையே அடகு வச்சாலும் ஆகாதும்மா" என்றார். நான் உடனே, "பரவாயில்லப்பா" என்றேன். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வருஷம் கல்யாணம். அவ்வளவு சீக்கிரம் பரவாயில்லை என்று சொல்லாமல், ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று பஸ்ஸில் அடிக்கடி நினைப்பேன்.

நாத்தனாருக்கு அப்படியெல்லாம் ஆகவில்லை. கடிதம் வந்த வாரமே மாமனார் வீட்டுப் பத்திரத்தை பீரோவிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். "வீடு எதுக்கு இருக்கு, கழுவிக் குடிக்கவா?" என்றார். என் அப்பாவுக்கு அந்த வசனத்தைப் பேச ஆசையாக இருந்திருக்கும். பேச வீடு இல்லை.

பணம் இருந்தால் மட்டும் போதாது, இருப்பதாகக் காட்டவும் வேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு வருஷத்து ஃபீஸும் சாப்பாட்டுச் செலவும் கையில் இருக்கிறது என்று விசா கொடுப்பவர் நம்ப வேண்டும். பேங்க் கடன் முக்கால்வாசியைத் தாங்கியது. மீதிக்கு மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டரிடம் போனோம். என் கணவருக்கு பெயிண்ட் கடை. வரி கட்டப் பயந்து வருமானத்தைக் குறைத்தே காட்டி வந்த கடை. இப்போது அதே கடையில் நிறைய வருகிறது என்று காட்ட வேண்டும். ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுவரைக்கும் ஏழைன்னு எழுதச் சொன்னீங்க, எழுதினேன். திடீர்னு பணக்காரன்னு எழுதச் சொன்னா எப்படி சார்?" பிறகு என் சம்பளச் சிலிப்பைப் பார்த்தார். "இந்த வீட்டுலயே இவுங்க பேப்பர்தான் சுத்தமா இருக்கு. மேடத்தையே ஸ்பான்சர்னு போடுங்க. பேங்க் லோனுக்கும் கையெழுத்துப் போடட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வருஷம் வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரத்தில் பி.எச்.டி. சேரலாமா என்று என் பழைய பேராசிரியரிடம் பேசி வைத்திருந்தேன். அவரும் வரச் சொல்லியிருந்தார். கையெழுத்துப் போட்டால் கடன் தீரும் வரை வேலையை விட முடியாது. கணவருக்கு இது தெரியும். அவர் மெதுவாக, "நீ அடுத்த வருஷம் பாத்துக்கலாமே" என்றார். நான், "பரவாயில்லைங்க" என்றேன். மறுபடியும் உடனே.

நகைக்கும் மதிப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார் ஆடிட்டர். திருப்பாதிரிப்புலியூர் பஜாரில் மதிப்பீட்டாளர் முன்னால் மாமியாரும் நானும் உட்கார்ந்தோம். வளையல், ஆரம், குழந்தையின் கொலுசு எல்லாம் தராசுக்குப் போனது. மாமியார் என் கழுத்தில் கிடந்த தாலிச் செயினைக் காட்டி, "அந்தச் செயினையும் சேத்துக்கங்க. கழட்டாமலே எடை போட முடியாதா?" என்றார்.

"கழுத்துல கெடக்குறதை எப்படிம்மா போடுறது? உங்க மருமவளையே தூக்கி வச்சாத்தான் உண்டு."

"வச்சா வெயிட்டு ஜாஸ்தி ஆயிடும்" என்றார் மாமியார். எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும், என்னைத்தான் ஏற்கெனவே வைத்தாகிவிட்டதே என்று தோன்றியது.

டாலர் நாற்பதாக இருந்தபோது போட்ட பட்ஜெட் அது. டாலர் ஏறிக்கொண்டே போனது. காலையில் பேப்பர் வந்ததும் வீட்டில் யாரும் பார்ப்பதற்கு முன்னால் நான் அந்த மூலையைப் பார்த்துவிடுவேன். ஐம்பது பைசா ஏறியிருந்தால் மனசுக்குள் ஏதோ ஒன்று சம்மணம் போட்டு உட்காரும். உடனே குற்ற உணர்ச்சியும் வரும். டாலர் ஏறினால் கடன் ஏறும், அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. என் காசு போவதற்கு நானே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு விசா இன்டர்வியூ ஒத்திகை. வீட்டிலேயே இங்கிலீஷ் நன்றாகப் பேசுவது அண்ணிதான், அண்ணியே ஆபீசராக இருக்கட்டும் என்று முடிவாயிற்று. சென்னையில் ஆபீசர் கண்ணாடிக்கு உள்ளே இருப்பார், இவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று அவளுடைய சிநேகிதி சொல்லியிருந்தாள். அதனால் நான் ஹாலில் ஜன்னலோரம் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்காருவேன். அவள் ஃபைலோடு வெளியே சந்தில், ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். என் மடியில் மகள். பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர்க் குடத்தோடு போகும்போது எட்டிப் பார்த்து, "என்னா, ரேஷன் கடை இங்க மாத்திட்டாங்களா? சக்கரை வந்திருச்சா?" என்று கேட்டார்.

"விசா வந்திருக்குக்கா. கார்டு எடுத்துட்டு வாங்க" என்றாள் நாத்தனார்.

தினமும் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, ஆபீசராக உட்காருவேன். எந்த யுனிவர்சிட்டி, ஏன் இந்தப் படிப்பு, திரும்பி வருவாயா, யார் பணம் கட்டுகிறார்கள். நன்றாகவே பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலையும் கேட்கக் கேட்க, இதை நான் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேனே என்று நினைத்துக்கொள்வேன். ஏன் இந்தப் படிப்பு என்று என்னை யாரும் கேட்டதில்லை.

ஒரு சாயங்காலம் இங்கிலீஷில் இப்படிக் கேட்டேன்: "உங்கள் அண்ணிக்கு ஒரு குழந்தை இருக்கிறது. சொந்தச் செலவு இருக்கிறது. அவர் ஏன் தன் சம்பளத்தை உங்கள் படிப்புக்குக் கொடுக்க வேண்டும்?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பிறகு, "அது எங்கள் வழக்கம். குடும்பத்தில் அது கடமை" என்றாள்.

"யாருடைய கடமை?"

"அண்ணனுடையது."

"நான் அண்ணியைப் பற்றிக் கேட்டேன்."

அவள் ஃபைலைப் புரட்டினாள், பதில் அதில் இருப்பதைப் போல. நான் காத்திருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் உதடு கோணியது. "விசா இல்லை. அடுத்தவர்" என்றேன். என் மகள் கையைத் தட்டி, "இல்ல, இல்ல" என்றாள். நாத்தனார் அழுதுகொண்டே சந்திலிருந்து சுற்றிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே வந்தாள். மாமியார் அடுப்படியிலிருந்து, "ஏன்டியம்மா அவள அழ வைக்கிற? அந்த வெள்ளக்காரனே இப்பிடிக் கேக்க மாட்டான்" என்றார்.

"கேப்பாங்க அத்தை. கட்டாயம் கேப்பாங்க."

அது உண்மைதான். கேட்கக்கூடிய கேள்விதான். மறுநாள் காலை பஸ் நிற்கும் இடத்தில்தான் கணவர், ஆபீசரா, அண்ணியா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவள் ஒத்திகைக்கு நிற்கவில்லை. தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். என்னோடு பேசினாள், ஆனால் கொத்சு டப்பாவை நீட்டும்போது சிரித்த சிரிப்பு இல்லை. விசா கிடைக்காவிட்டால் பழி என் தலையில் விழும் என்று பயந்தேன். கிடைத்துவிட்டால் என்ன செய்வேன் என்றும் பயந்தேன்.

இன்டர்வியூ அன்று கம்பெனிக்குள் மொபைலுக்கு அனுமதி இல்லை. கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்து வைத்திருந்ததை மதிய இடைவேளையில் வாங்கிப் பார்த்தேன். கணவர் பல தடவை கூப்பிட்டிருந்தார். திருப்பிக் கூப்பிட்டபோது அவள்தான் எடுத்தாள்.

"அண்ணி, கெடைச்சிருச்சு. நீங்க கேட்ட அதே கேள்விதான் அண்ணி. அண்ணி ஏன் பணம் கட்டுறாங்கன்னு கேட்டாரு."

"என்ன சொன்னே?"

"உங்களுக்கும் ஒரு தடவை இடம் கெடைச்சுது, பணம் இல்லாம போக முடியல, அதனால நான் போகணும்னு உங்களுக்கு ரொம்ப ஆசைன்னு சொன்னேன். அவரு ஃபைலைக்கூடப் பாக்கல அண்ணி. குட் லக்குன்னு சொல்லிட்டாரு."

நான் அவளிடம் அந்தப் பழைய கதையைச் சொன்னதே இல்லை. கணவர்தான் சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான். வீட்டுப் பத்திரம், நகைச் சான்றிதழ், என் சம்பளச் சிலிப் எதையும் அந்த ஆபீசர் பார்க்கவில்லை. நான் போகாமல் போனதைத்தான் பார்த்திருக்கிறார். என்னிடம் அவர்கள் கேட்காமல் எடுத்தது அது ஒன்றுதான், அதுதான் செல்லுபடியானது. ரொம்ப ஆசை என்று அவள் சொன்னதோ பொய். அன்று மதியம் செய்த டைட்ரேஷனை மூன்று தடவை திரும்பச் செய்தேன். நிறம் மாறும் இடத்தைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

வீட்டில் விருந்து. பாண்டிச்சேரி போய் ஸ்வெட்டர், சூட்கேஸ், சின்னக் குக்கர் எல்லாம் வாங்கினார்கள். சூட்கேஸை எடை போடும்போது நான்தான் தூக்கிப் பிடித்தேன். பார்க்க வந்தவர்கள், "அண்ணியே படிக்க வைக்கிறாங்களாமே, யாருக்கு வரும் இந்த மனசு" என்றார்கள். தலையை ஆட்டிக்கொண்டே காபி கொடுத்தேன்.

அவள் நன்றாகப் படித்தாள். வேலை கிடைத்தது. போன புயலில் மாடி ஷீட் பறந்தபோது அவள் அனுப்பிய பணத்தில்தான் மறுபடி போட்டோம். இந்த வருஷம் கடனையும் அடைத்துவிட்டாள். என் கையெழுத்து விடுபட்டது. சிதம்பரத்துப் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார்.

சென்ற வாரம் போன் செய்தாள். "அண்ணி, நீங்க அப்ளை பண்ணுங்க. இங்க கெமிஸ்ட்ரில ரெண்டு வருஷக் கோர்ஸ் இருக்கு. பணம் முழுசும் என்னோடது. முப்பதெல்லாம் ஒரு வயசா?"

"குழந்தை இருக்காளே."

"அம்மா பாத்துக்குறேன்னாங்க. அண்ணன்கிட்டயும் பேசிட்டேன்." பிறகு குரலை மாற்றி, இங்கிலீஷில், என் பழைய ஆபீசர் குரலிலேயே கேட்டாள். "உங்கள் படிப்புக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?"

"என் நாத்தனார்."

"அவர் ஏன் கட்ட வேண்டும்?"

"பால் பொங்குது, வைக்கிறேன்" என்று கட் செய்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

கணவர், "போறதுன்னா போ" என்கிறார். அதை எந்தக் குரலில் சொன்னார் என்று நான் இன்னும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகளுக்கு ஆறு வயது. நான் தலை பின்னாவிட்டால் பள்ளிக்கூடம் போக மாட்டாள். அவளை விட்டுவிட்டு இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிதாக இன்னொன்று உறுத்துகிறது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொடுக்கிற இடத்தில் இப்போது அவள் இருக்கிறாள். அது எனக்கு ஆறவில்லை. என் கதையைச் சொல்லித்தான் அவள் அந்த இடத்துக்குப் போனாள் என்று நினைத்தால், அவள் பணம் எனக்குச் சேர வேண்டியதுதான் என்று தோன்றுகிறது. அவள் பிரியத்தோடுதான் கேட்கிறாள் என்று நினைத்தால், வாங்கிக்கொள்ள எனக்கு என்ன தகுதி என்று தோன்றுகிறது.

இந்த மாதக் கடைசிக்குள் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தடவை உடனே பரவாயில்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பதில் மட்டும் தெளிவாக இருக்கிறேன். யார்மேல் பொறாமைப்பட்டீர்களோ அவர்களிடமே உதவி வாங்கிப் படித்தவர்கள், சின்னக் குழந்தையை விட்டுப் போனவர்கள், அல்லது போகாமல் இருந்துவிட்டவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். நான் போகலாமா? போவதென்றால், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கும்போது, நாத்தனார் ஏன் பணம் கட்டுகிறாள் என்று கேட்டால் என்ன சொல்லட்டும்?