பெரும்பாலும் என்று சொன்னேன்

சவரம் செய்யும்போது கழுத்தில் ஒரு கட்டி விரலில் பட்டது. கடலைப் பருப்பு அளவு. வலிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன். மழைக்காலம் முடிவதற்குள் அக்குளிலும் ஒன்று வந்தது.

திசுப் பரிசோதனையில் (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. கண்டியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பிழைக்கும் வாய்ப்பு எத்தனைக்கு எத்தனை என்று டாக்டரிடம் எண் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"கனபேர் சுகமாகினம், சேர். சிலருக்கு மருந்து கேக்காது. நீங்கள் எந்தப் பக்கமெண்டு இப்ப சொல்லேலாது."

எண் கிடைக்காததால் நானே ஒன்றை உண்டாக்கிக்கொண்டேன். கிளினிக் நடைபாதையில் உட்கார எங்கள் வரிசைக்கு ஆறு கதிரைகள். எப்போதும் அதே ஆறு பேர். ஆறில் ஒருவர் போவார் என்று வைத்துக்கொண்டேன். தாயக்கட்டைக்கு ஞாபகம் இல்லை, விழுந்த எண் அடுத்ததை மாற்றாது என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனாலும் ஒருவர் போய்விட்டால் மற்ற ஐவரும் தப்பிவிடுவோம் என்று நம்பத் தொடங்கினேன்.

முதலில் வருபவர் மற்றவர்களின் கதிரைகளில் எதையாவது வைத்து இடம் பிடிப்பது எங்கள் வழக்கம். அறுவரில் ஒருவரான, இரும்புக் கடை வைத்திருந்த ஹாஜியார் அலவத்துகொடயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். என் கதிரையில் அவருடைய குடை இருக்கும்.

"வாங்க சேர். ஒருத்தர் ஒக்காரப் பாத்தாரு. கணக்கு வாத்தியார்ட எடம், ஒக்காந்தா கணக்குக் கேப்பாரு எண்டேன். மனுசன் ஓடிட்டாரு."

மருந்து ஏற்றினால் வெள்ளணுக்கள் (கிருமிகளை எதிர்க்கும் இரத்த அணுக்கள்) குறையும். காய்ச்சல் கண்டால் உடனே வார்டுக்கு வரவேண்டும் என்று டாக்டர் என்னிடம் அழுத்திச் சொல்லியிருந்தார்.

ஒரு மாலை ஹாஜியார் தொலைபேசியில் அழைத்தார். என் ஜன்னலுக்கு வெளியே மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஒலித்தது. தொலைபேசிக்குள் அவர் பக்கத்திலும் ஒலித்தது, சற்றுப் பிந்தி.

"சேர், ஒடம்பு நல்லா சுடுது. நாளன்டைக்கு கிளினிக் தானே. இன்டைக்கே ஓடணுமா? மகன் ஏசுறான். சேர் சென்னா சரி."

"பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சலாத்தான் இருக்கும், ஹாஜியார்" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. அதைச் சொன்னபோது ஆறு கதிரைகளும் என் மனதில் இருந்தன. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கிளினிக் நாளில் என் கதிரையில் அவருடைய குடை இருந்தது. அவருடைய கதிரை காலி. நடைபாதை நிறைய ஆட்கள் நின்றார்கள்; யாரும் அதில் உட்காரவில்லை. சுவரோரம் நின்ற, தாடி நரைத்த ஒருவர் என்னிடம் வந்தார். ஹாஜியாரின் மகன்.

"வாப்பா நேத்து மௌத்தாகிட்டாரு, சேர். விடியத்தான் வார்டுக்குக் கொண்டு வந்தோம், பிந்திட்டுது எண்டாங்க. சேர்ட எடத்தப் புடிச்சி வைக்கச் சென்னாரு. நீங்க ஆறுதல் சென்ன பொறகுதான் கொஞ்சம் தூங்கினாரு."

நான் குடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறில் ஒன்று முடிந்தது என்று மனம் சொன்னது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

சில மாதங்களில் எங்கள் வரிசையில் வத்தேகமவிலிருந்து வந்த பெண்ணும் போனார். தாயக்கட்டைக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை.

இதே மருந்தை ஏற்றிக்கொள்பவர்களுக்குச் சொல்கிறேன்: காய்ச்சல் கண்டால் யாரிடமும் அபிப்பிராயம் கேட்காதீர்கள். படித்தவரிடம் கேட்கவே கேட்காதீர்கள். வார்டுக்குப் போங்கள்.

என் கட்டிகள் கரைந்துவிட்டன. நோய் திரும்புமா என்பதை டாக்டர் இப்போதும் சொல்வதில்லை; நானும் கேட்பதில்லை. என் நாள் மாலை வரைதான் நகர்கிறது. பாங்கு ஒலிக்கும்போது கழுத்தில் கட்டி இருந்த இடம் சுடத் தொடங்கும். பிறகு, சற்றுப் பிந்தி, இரண்டாவது பாங்கு கேட்கும். அலவத்துகொட இங்கிருந்து கேட்கும் தூரத்தில் இல்லை.

மகள் காய்ச்சல் அளந்து பார்க்கிறாள். "ஒன்னும் இல்லப்பா. சும்மா இருங்க."

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.