செவ்வாய் வீட்டின் கதவு

போன ஞாயிறு வேப்பம்பட்டு போயிருந்தேன். நண்பன் செல்வத்தின் மகள் யாழினி ஒரு வருஷம் கழித்து வீடு திரும்பியிருந்தாள். எங்கிருந்து என்கிறீர்களா? செவ்வாய் கிரகத்திலிருந்து!

பதறாதீர்கள். நிஜச் செவ்வாய் இல்லை. வெளிநாட்டுப் பாலைவனத்தில் ஒரு தனியார் ராக்கெட் கம்பெனி கட்டிய மாதிரி வீடு. மனிதன் அங்கே குடியேறினால் தாக்குப்பிடிப்பானா என்று பார்க்க, நாலு பேரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். பாக்கெட் சாப்பாடு, அளவுத் தண்ணீர். போன் கிடையாது... மெசேஜ்தான். அதுவும் நிஜச் செவ்வாய் போலவே, போய்ச் சேர இருபது நிமிடம். பதில் வர இன்னொரு இருபது.

இந்தப் பெண்ணுக்கு ஏன் இப்படி ஒரு ஆசை? எனக்குத் தெரியும். அது சென்னை மண்ணூர்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் ஆரம்பித்தது.

செல்வமும் நானும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கேதான் மாடி ரூமில் இருந்தோம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற சாயங்காலங்களில் தெருவே மாடிகளில் நிற்கும். வடக்கே ஒரு ஆரஞ்சுப் பொட்டு எழும்பி, வளைந்து, மேகத்துக்குள் போகும். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் செல்வம் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

"அதான் போய்ட்ச்சே... இன்னும் இன்னாத்த பாத்துகினு கீற?" என்று ஒரு நாள் கொடியில் துணி எடுக்க வந்த வீட்டு ஓனர் மகள் கேட்டாள். அவள்தான் உஷா. அடுத்த ராக்கெட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து நின்றார்கள். பிறகு கல்யாணம். பிறகு அப்பாவின் தோளில் உட்கார்ந்து யாழினி பார்த்தாள். என்ன நாட்கள் அவை!

விஷயத்துக்கு வருகிறேன். யாழினி உள்ளே போய் ஆறேழு மாதம் இருக்கும். செல்வத்துக்கு நெஞ்சுவலி. திருநின்றவூரில் முதலுதவி செய்து, அங்கிருந்து சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உஷா போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"சொல்லவா, வேணாவாண்ணா? சொன்னா எல்லாத்தையும் உட்டுட்டு ஓடியாந்துரும். சொல்லாம அவருக்கு ஒண்ணு ஆயிட்ச்சுன்னா... எம் மூஞ்சியில முழிக்குமா?"

கடைசியில் அவளே வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். ஸ்டென்ட் வெக்கிறாங்க. வர்றதும் வராததும் உன் இஷ்டம்மா."

நாற்பது நிமிடம் தாண்டியது. பதில் இல்லை. விடிந்த பிறகுதான் வந்தது: "அப்பா பேசினா ரெக்கார்ட் பண்ணி அனுப்பும்மா."

செல்வம் பேசினான். மூன்றே வார்த்தை. "நல்லாருக்கேன்... முடிச்சுட்டு வா."

அந்த இரவு அங்கே என்ன நடந்தது என்பதைப் போன ஞாயிறுதான் யாழினி சொன்னாள்.

"கதவுகிட்டயே உக்காந்திருந்தேன் மாமா. திறந்தா வெளியே ஜீப் நிக்கும், ஏர்போர்ட் போயிடலாம். கைப்பிடியைப் பிடிச்சுட்டுத்தான் இருந்தேன். அப்பா குரல் வந்ததும் விட்டுட்டேன்."

"செவ்வாய்ல மனுஷன் இருக்க முடியுமாம்மா?" என்று கேட்டேன்.

"காத்து, தண்ணி, சாப்பாடு... என்னைக்காவது மிஷின் எல்லாத்தையும் பாத்துக்கும். ஆனா நான் ஒரு வருஷம் இருந்தது அந்தக் கதவை நம்பித்தான். அங்க நிஜமாவே கதவைத் திறந்தா எங்க போறது?"

செல்வம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ... நிஜமா கூப்பிட்டா போக மாட்ட?"

"தெரியலைப்பா" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண். செல்வம் சிரித்தான். கண் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குள் கிச்சனிலிருந்து உஷா. "காப்பி வோணுமா, வோணும்னுதான் சொல்லுவ, சக்கர கம்மியா போடறேன், குளிச்சியா, குளிச்சிருப்ப, தலைய நல்லா தொவட்டிக்கோ..."

மூச்சே விடவில்லை. ஒரு வருஷமாக மெசேஜ் அனுப்பி அனுப்பி அப்படியே பழகிவிட்டது. கேள்வியும் அவளே, பதிலும் அவளே.

யாழினி எழுந்து கிச்சனுக்குப் போனாள். அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "ஒவ்வொண்ணா கேளும்மா. நான் இங்கதான் இருக்கேன், உடனே பதில் சொல்றேன்."

உஷா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுத அழுகை... ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து ரூமிலிருந்த என் மகனிடம் "சாப்பிட்டியாடா?" என்று கேட்டேன். ஹெட்போன் மாட்டியிருந்தான். இந்நேரத்துக்குச் செவ்வாயிலிருந்தே பதில் வந்திருக்கும்!