நெவில் தன் தலையில் போட்டுக்கொண்ட நாலு அங்குலம்

நெவில் டன்ஸ்டால் என்னிடம் கேட்டது இரண்டு அங்குலம். வண்டியை நாலு அங்குலம் தூக்கச் சொன்னது நான். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

எங்கள் ஊர் குளோன்கரியில் வண்டிகளுக்கு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றுகிற கடை என்னுடையது ஒன்றுதான். என்னை விட்டால் மேற்கே நூற்றிருபது கிலோமீட்டர் போக வேண்டும். நெவில் கவுன்சிலில் கிரேடர் ஓட்டியவர். முப்பத்தெட்டு வருடம் மண்சாலைகளைச் சீவிச் சமன் செய்தார். மழை வந்து அடித்துக்கொண்டு போகும், மறுபடி முதலிலிருந்து சீவுவார். அலுத்துக்கொண்டு அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். அவர் பேச்சில் பாதி அந்த விரல்தான்.

அவர் மனைவி கிளெனிஸ் பள்ளிக்கூட கேன்டீனை இருபத்தாறு வருடம் நடத்தியவள். நல்ல மழை பெய்த வருடத்தில் சிம்ப்சன் பாலைவனம் முழுக்கப் பூ பூக்கும். ஓய்வு பெற்றதும் அதைப் பார்க்க அவளைக் கூட்டிப்போவதாக நெவில் வாக்குக் கொடுத்திருந்தார். அவரிடம் இருந்தது தொண்ணூற்றிரண்டாம் வருடத்து லேண்ட் குரூசர். அதன் ஸ்பிரிங்குகள் தளர்ந்து, பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. வண்டியை உயர்த்துகிற லிஃப்ட் கிட் வாங்க என்னிடம் வந்தார்.

"ரெண்டு அங்குலம் போதும் வார்விக். தண்ணி, டீசல் எல்லாம் ஏத்தினா பின்னாடி உக்காந்துடக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. சுமக்கிற பாரத்துக்குத் தோதான ஸ்பிரிங்கைப் போட்டு இரண்டு அங்குலம் தூக்கினால் அந்த மணல்மேடுகளுக்குப் போதும். எனக்கு அது தெரியும். ஆனால் கடை வாசலில் நின்ற என் சொந்த வண்டி நாலு அங்குலம் தூக்கியது. அதைப் பார்த்து இன்னொருவன் போட்டுக்கொண்டால் எனக்கு ஒரு பெருமை. அன்றைக்குக் கடையில் மாட்டுப் பண்ணை ஆட்கள் இரண்டு பேர் வேறு நின்றிருந்தார்கள். வாய்க்கொழுப்பு சும்மா இருக்குமா?

"ரெண்டு அங்குலமா? அது கடைக்குப் போயி பால் வாங்கிட்டு வர்றவன் போடறது, நெவில். மணல்ல வயிறு தட்டி நிக்கும்போது கிளெனிஸ இறங்கித் தள்ளச் சொல்லுவியா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நெவிலின் காது சிவந்தது. கொஞ்ச நேரம் கேட்லாகைப் புரட்டினார், அப்புறம் நாலு அங்குலத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அந்த உயரத்துக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். பிரேக் குழாயை நீளமாக்கினேன், ஸ்டியரிங்கைச் சரிக்கட்டினேன், இன்ஜினியரிடம் சான்றும் வாங்கிக் கொடுத்தேன். கதவுக்குக் கீழே இருந்த கால் வைக்கிற படி மட்டும் துருப்பிடித்திருந்தது. கழற்றிப் போட்டேன். புதுசு வரட்டும், மெதுவாக மாட்டிக்கொள்ளலாம் என்றேன். அது வரவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் ஆற்றோரத்தில் மீன் பிடிக்கப் போயிருந்தார்கள். வண்டி நின்றது சரிவில். கிளெனிஸ் கதவைத் திறந்து, வழக்கம்போலப் படி இருக்கிற நினைப்பில் காலை வைத்தாள். படியும் இல்லை, தரையும் பக்கத்தில் இல்லை. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. டவுன்ஸ்வில்லுக்கு விமானத்தில் கொண்டு போய் அறுவை சிகிச்சை செய்தார்கள். மூன்று மாதம் கழித்துக் கைத்தடியோடு வீட்டுக்கு வந்தாள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நெவில் ஒரு நாள் கடைக்கு வந்தார்.

"யாரு இவ்வளவு ஒசரம் போடச் சொன்னதுன்னு கிளெனிஸ் கேட்டா. நான்தான் கேட்டு வாங்கினேன்னு சொல்லிட்டேன். நீ குறுக்க எதையாவது உளறி வைக்காத."

"ஏன் நெவில்?"

"கையெழுத்துப் போட்டது நான். வண்டிய சரிவுல நிறுத்தினதும் நான். அப்புறம் உன்ன எதுக்குக் காட்டிக் குடுக்கறது?"

எங்கள் பக்கத்தில் திருடனைக்கூட மன்னிப்பார்கள், காட்டிக் கொடுத்தவனை மன்னிக்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்திலேயே அந்தப் பாடம் முடிந்துவிடும். ஆனால் அதைக் கட்டின மனைவியிடம்வரை கொண்டுபோன மனிதரை நான் அப்போதுதான் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சரி என்றேன். எனக்கு அப்பாடா என்று இருந்தது, அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு கிளெனிஸ் அந்த வண்டியில் ஏறவே இல்லை. அதற்கு "மாடி வீடு" என்று பேர் வைத்தாள். கிளப்பில் நாலு பேர் கூடினால் போதும். "என் இடுப்பெலும்பவிட இந்த மனுஷனுக்கு வண்டியோட ஒசரந்தான் பெருசாப் போச்சு. போ, உன் மாடி வீட்டுல தனியாவே குடியிரு" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நெவில் தன் பீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் செய்த நான் அதே மேசையில் உட்கார்ந்து கூடவே சிரித்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்குக் கிளெனிஸ் எனக்குப் பழக் கேக் செய்து கொண்டுவருவாள். "நீ ஒருத்தனாவது இந்த மனுஷனுக்குப் புத்தி சொல்லியிருக்கக் கூடாதா, வார்விக்?" என்பாள். ஆறு கிறிஸ்துமஸ் அதைக் கேட்டேன். ஆறு கேக்கும் தின்றேன்.

போன ஏப்ரலில் நெவில் மறுபடி வண்டியைக் கொண்டுவந்தார். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருந்தது. பழைய ஸ்பிரிங்குகள் ஓய்ந்துவிட்டன, புது கிட் போட வேண்டும். வண்டியை விட்டுவிட்டுப் போகிறவரைத் திரும்பக் கூட்டிப்போகக் கிளெனிஸ் தன் சின்னக் காரில் பின்னாலேயே வந்து, மின்விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எந்த ஸ்பிரிங் என்பது வண்டி எவ்வளவு சுமக்கும் என்பதைப் பொறுத்தது. நான் படிவத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"தண்ணி எண்பது லிட்டர்" என்றார் நெவில். "டீசல் ரெண்டு கேன். ஃபிரிட்ஜ். கூடுதலா ஒரு ஸ்டெப்னி."

"ஆளுங்க?"

கிளெனிஸ் இருந்த பக்கம் பார்க்காமல், "நான் மட்டும்" என்றார்.

கிளெனிஸ் ஏதாவது குத்தலாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. "பாலைவனம் பூத்திருக்காம், பேப்பர்ல போட்டிருந்தான். போயிட்டு வந்து போட்டோ காட்டட்டும்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அவள் குத்திப் பேசியபோதெல்லாம் தாங்கிக்கொண்டேன், இதை என்னால் தாங்க முடியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பேனாவைக் கீழே வைத்தேன்.

"கிளெனிஸ், அன்னிக்கு நெவில் ரெண்டு அங்குலந்தான் கேட்டான்."

"வார்விக், வாய மூடு" என்றார் நெவில்.

மூடவில்லை. பால் வாங்குகிறவன் என்று நான் கேலி செய்தது, நின்றவர்கள் சிரித்தது, மாட்டாமல் விட்ட படி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கைத்தடியால் ஒரு போடு போடுவாள் என்று நினைத்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் பக்கமே திரும்பவில்லை.

"நெவில், நெஜமா?"

"போட்டது நான்தானே."

"நான் அத கேக்கல."

"ஆமா" என்றார் நெவில், கேட்லாகைப் பார்த்தபடி.

"ஆறு வருஷமா என்ன ஏன் பேச விட்ட?"

"உனக்குக் கோவப்பட ஒரு ஆள் வேணும்ல. நான் பக்கத்துலயே இருந்தேன்."

அப்புறம்தான் கிளெனிஸ் என்னைப் பார்த்தாள்.

"உனக்கு இப்ப மனசு லேசாயிருக்குமே, வார்விக்?"

நான் பேனாவை மறுபடி கையில் எடுத்தேன்.

"இருக்கும். நீ எறக்கி வச்சிட்ட. கிளப்புல, சர்ச் வாசல்ல, இவனோட தங்கச்சி முன்னாடி, இவன நான் என்னவெல்லாம் பேசியிருக்கேன்? அதையெல்லாம் நான் எங்க கொண்டு போயி எறக்கறது?"

கைத்தடியை ஊன்றி எழுந்தாள். "முன் சீட்டுல எடம் இருக்கு, கிளெனிஸ்" என்றார் நெவில், மெதுவாக. "இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன் பக்கத்துல எப்படி உக்காந்து வருவேன்?" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். ஆறு வருடமாக அவளை அந்த வண்டியில் ஏறவிடாமல் வைத்திருந்தது கோபம். இனி வெட்கம் வைத்திருக்கும். அதைக் கொண்டுவந்து கொடுத்தவனும் நான்தான்.

மறுநாள் நெவில் போன் செய்தார். "ஸ்பிரிங் ரெண்டு பேருக்குச் சொல்லிடு."

"வர்றாளா?"

"இன்னும் கேக்கல. சொல்லிடு."

இரண்டு அங்குலம் தூக்கி, இரண்டு பக்கமும் அகலமான படி மாட்டி வைத்தேன். வெள்ளிக்கிழமை கிளெனிஸ் அவரைக் கொண்டுவந்து விட்டாள். நெவில் தன் வண்டிக்குப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து, பிடித்தபடி நின்றார். அவள் காரில் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்து அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

நான் நெவிலுக்குப் பக்கத்தில் போனேன். "நான் வேணா வீட்டுக்கு வந்து அவகிட்ட ஒரு தடவ பேசிப் பாக்கட்டுமா?" என்றேன்.

அவர் கதவைச் சாத்தினார்.

"நாளைக்கும் நான் கேப்பேன், நாளன்னிக்கும் கேப்பேன்" என்றார். "நீ மறுபடி உதவி பண்றேன்னு வந்துடாத."