தகரத்துக்கு அப்பால் ஒரு குரல்

ஆட்களின் வீட்டுக்குப் போய் இருந்து கதைக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். ஐந்தாம் வகுப்போடு படிப்பும் நின்றுவிட்டது. நாலு பேர் கூடினால் வாய் வராது. தன்னாமுனையில் எங்கள் வீட்டுக்கு ஒரு முன் விறாந்தை இருந்ததால்தான் எனக்கும் ஒரு கூட்டாளி கிடைத்தாள்.

அவள் எதிர் வீட்டுக்காரி, என்னைவிட நாலு வயது இளையவள். கணவர் செத்தபிறகு தனியே இருந்தாள். நடுவில் ஒரு ஒழுங்கை மட்டும்தான். அவள் தன் விறாந்தையில் கீரை ஆய்வாள், நான் என் விறாந்தையில் இறால் உடைப்பேன்.

“அக்கா, இண்டைக்கும் இறாலா? ஆருக்கு விருந்து?”

“வாயை மூடுகா. ஒரு பிடி தந்தா தின்னமாட்டியோ?”

“தாகா, தா. ஆர் வேணாமெண்ட?”

ஒழுங்கையால் போகிறவர்கள் எங்கள் நடுவால்தான் போகவேண்டும். நின்று ஒரு கதை சொல்லிவிட்டுப் போவார்கள். நான் பேசாவிட்டாலும் அந்தக் கதையில் எனக்கும் பங்கு இருந்தது.

போன வருடம் மகன் கட்டாரிலிருந்து லீவில் வந்தான். “போற வாற சனமெல்லாம் வீட்டுக்குள்ள பாக்குது, அம்மா” என்று விறாந்தையைச் சுற்றித் தகரம் அடித்தான். எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் சொல்லவில்லை.

அவன் திரும்பிப் போய் ஒரு மாதம் இருக்கும். உச்சி வெயில். தகரத்துக்கு உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். “அக்கா” என்று ஒரு குரல். ஒரே ஒரு தரம்.

உச்சி நேரத்தில் ஆளைக் காணாமல் குரல் மட்டும் கேட்டால் நாங்கள் உடனே பதில் கொடுப்பதில்லை. பேய் ஒரு தரம்தான் கூப்பிடும், மனிசர் என்றால் மூன்று தரம் கூப்பிடுவார்கள். சுளகை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் தரத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. திருநீற்றைப் பூசிக்கொண்டு மறுபடி புடைத்தேன்.

பின்னேரம் மீன்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கத்தினார். “அக்கா, ஓடி வாங்க! இந்த மனிசி விழுந்து கிடக்கா!”

அவள் தன் விறாந்தையில் ஒரு பக்கம் சரிந்து கிடந்தாள். முகம் எங்கள் தகரத்தைப் பார்த்திருந்தது. பாரிசவாதம் என்றார் டாக்டர். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்றும் சொன்னார். உயிர் தப்பியது. பேச்சு வரவில்லை.

மகன் ஃபோன் எடுத்தபோது, “தகரத்தைக் கழட்டப்போறன்” என்றேன்.

“ஏன் அம்மா, நல்லாத்தானே இருக்கு?”

“கழட்டப்போறன் மனே.”

அவனை மறுத்து நான் பேசியது அதுதான் முதல் தரம்.

இப்போது அவளுடைய மகள் வந்து கூட இருக்கிறாள். காலையில் தாயைத் தூக்கி விறாந்தைக் கதிரையில் இருத்துவாள். நானும் என் இடத்தில் இருப்பேன். அன்று கூப்பிட்டது நீயா என்று இன்னும் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிடுவாள் என்று பயம்.

சில நாள் உச்சி வெயிலில் அந்தக் குரல் வருகிறது. “அக்கா.” ஒரு தரம்தான். நிமிர்ந்து பார்த்தால் எதிரே அவள் வாய் மூடியபடியே இருக்கிறாள்.

நான் மூன்றாம் தரம் வரைக்கும் காத்திருப்பதில்லை. “ஓம் புள்ள, வாறன்” என்று சத்தமாகவே சொல்லி, சுளகை இறக்கி வைத்துவிட்டு ஒழுங்கையைக் கடந்து போகிறேன்.