தண்ணீர் குடிக்காதவர்கள்

காசிலிங்கம் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். வந்தவர் யார், எதற்கு வந்தார் என்பதெல்லாம் அப்புறம். முப்பத்தொரு வருஷம் பாண்டிச்சேரி மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், பியூனாக இருந்தவர், அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தே பழகிப்போன கை என்று அரியாங்குப்பத்தில் அந்தத் தெருக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். காரணம் அதுவல்ல. குடித்தால் ஆள். குடிக்காவிட்டால் ஆள் இல்லை.

மனைவி தனக்கொடி செத்த மறுவருஷம் அது ஆரம்பித்தது. முதலில் ஒரு ஆடு. சமையலறை மூலையில் நின்று காலண்டரைத் தின்னும். காலண்டர் குறையாது. அதன்பின் ஒரு ஆள் வந்தான். குடையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பான். காசிலிங்கம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டதும் ஆடு போனது, கூடவே பகலும் போனது. எந்நேரமும் தூக்கம். மூன்றாம் மாதம் நிறுத்திவிட்டார். ஆடு திரும்பி வந்தது. இப்போதெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போய் அடுப்பைப் பற்றவைக்கிறார். குடைக்காரனிடம், "தள்ளி ஒக்காருய்யா, ஒங்கப்பன் ஊட்டுக் கட்டிலா?" என்பார். அவன் தள்ளி உட்காருவான்.

தொல்லை நிஜமாக வருகிறவர்களால்தான். ஒருமுறை வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த பெண்ணின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டார். அவள் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. பின்கட்டில் குடியிருக்கும் நிர்மலாதான், பெரியவர் அப்படிப்பட்டவரில்லை என்று சொல்லி அனுப்பிவைத்தாள். அன்றைக்கு அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப நான் இருக்கறனா, இல்லியா பெரிப்பா?" என்று கேட்டாள் அவள். தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனையும் அவளுடையதுதான்.

வாரத்தில் மூன்று நான்கு நாள் சுடர்விழியும் வருவாள். அவருடைய ஒரே மகள். வேறு சாதிப் பையன் பிரேம்குமாரைக் கட்டிக்கொண்டு போனவள். தாய் செத்த அன்று ஓடிவந்தாள். காசிலிங்கம் வாசற்படியில் குறுக்கே நின்று உள்ளே விடவில்லை. தெருமுனையில் நின்று பாடையைத்தான் பார்த்தாள். இனிமேல் இந்த வீட்டுப் பச்சைத் தண்ணீர்கூட என் பல்லில் படாது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐந்து வருஷம் ஆகிறது.

இங்கே வருகிறவள் கதவோரம் நிற்பாள். ஒருநாள் சுடிதாரில், ஒருநாள் பள்ளிக்கூட யூனிஃபார்மில். கேள்வி ஒன்றுதான். ஏம்ப்பா உள்ள வுடல? முதல் தடவை அவர் ஓவென்று அழுதார். தப்பு என்மேல்தான், சாதிசனம் என்ன பேசுமோ என்று பயந்துவிட்டேன், மன்னித்துவிடு என்றார். சொல்லி முடித்தபோது அவள் இல்லை. டம்ளர் நிரம்பியே இருந்தது. மறுநாள் வந்து அதையே கேட்டாள். அவரும் அதையே சொன்னார். இப்படி எத்தனை நாள். கடைசியில் அவருக்கு அலுத்துப்போனது. தண்ணீரை வைப்பார், பார்ப்பார், தன் வேலைக்குப் போய்விடுவார். ஆனால் வைப்பதை மட்டும் விடவில்லை. என்றைக்காவது ஒருநாள் அவள் அதை எடுத்துக் குடிப்பாள் என்பதற்காகத்தான் அந்த மனிதர் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை மதியம், மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "அப்பா" என்று குரல் கேட்டது. கையைக் கழுவித் தண்ணீர் மொண்டு கதவோரத்து ஸ்டூலில் வைத்துவிட்டுத் திரும்பவும் மீனிடம் உட்கார்ந்தார்.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பிரேமுக்குப் பிரான்சுக் காகிதமெல்லாம் வந்துவிட்டதாம், திங்கட்கிழமை ஃப்ளைட்டாம், இனி எப்போது வருவோமோ தெரியாதாம். இது புதுக்கதை. ஆனால் குடைக்காரனும் அவ்வப்போது புதுக்கதை சொல்லத்தான் செய்கிறான். காசிலிங்கம் ஓரக்கண்ணால் டம்ளரைப் பார்த்தார். அப்படியே இருந்தது.

"ஏம்ப்பா அன்னிக்கு உள்ள வுடல?"

"தெனத்துக்கும் இதேதானா? எத்தினி வாட்டி சொல்றது. போ."

"எப்பப்பா சொன்ன?"

"போம்மா. மீனு கெடுது."

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோது கதவோரம் யாருமில்லை. எப்போதும்போலத்தான். குழம்பைக் கூட்டி வைத்தார்.

நாலு மணிக்குத் துணி எடுக்க வந்த நிர்மலா, சுடரோடு பேசினீர்களா என்று கேட்டாள். அதுதான் தினமும் வருகிறதே என்றார் அவர்.

நிர்மலா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "இல்ல பெரிப்பா. எங்க ஊட்டாண்ட வந்து தண்ணி கேட்டுச்சு. ரெண்டு சொம்பு வாங்கிக் குடிச்சுது. நீங்க வெச்ச டம்ளர எடுக்கத்தான் கை போச்சாம். உள்ள வான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா குடிச்சிருப்பேன்னு சொல்லி அழுதுச்சு."

அவர் ஆடு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

நிர்மலா வாங்கி வைத்திருந்த நம்பரில் அன்றைக்கு முழுக்க அடித்தார்கள். எடுக்கவில்லை. ஞாயிறு காலையில் பஸ் ஏறி ரெட்டியார்பாளையம் போனார். வாடகை வீடு பூட்டியிருந்தது. சாமான்களை விற்றுவிட்டு முதல்நாள் சாயங்காலமே சென்னைக்குப் போய்விட்டார்கள் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னார். திங்கட்கிழமை போன் சுவிட்ச் ஆஃப்.

அன்று சாயங்காலம் நிர்மலாவைக் கூப்பிட்டு, இளைத்திருந்தாளா, தலைமுடி எப்படி இருந்தது, என்ன புடவை கட்டியிருந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

நிர்மலாவுக்குச் சொல்வதா வேண்டாமா என்றிருந்தது.

"பொடவ இல்ல. லூசா ஒரு கவுனு. வயிறு நல்லாத் தெரிஞ்சுதே பெரிப்பா. அஞ்சு மாசமாம்."

அன்றைக்கு அவர் அவளைப் பார்க்கவில்லை. டம்ளரைத்தான் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் சுடர்விழி வந்தாள். கதவோரம் நின்றாள். காசிலிங்கம் இந்தத் தடவை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். வயிறு ஒட்டிக் கிடந்தது.

"ஏம்ப்பா உள்ள வுடல?"

அவர் தண்ணீர் மொள்ள எழுந்திருக்கவில்லை.

"உள்ள வாம்மா" என்றார்.

அவள் வந்தாள்.