பழனியம்மாக்கா கொட்டிவிட்ட மழை

செம்மநத்தம் பழனியம்மாக்கா இறந்துவிட்டார் என்று எஸ்டேட் டிரைவர் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. முந்தின வாரம்தான் ஒண்டிக்கடை முக்கில் பழக்கடையில் கொய்யாப்பழங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார். டிரைவருக்கு ஆள் மாறியிருக்கும் என்று பால்காரரிடமும் விசாரித்தேன். "நெசந்தானுங்க. காலையில எந்திரிக்கவே இல்லீங்களாம்" என்றார். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். சந்தேகம் என் பிறவிக் குணம். பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். பூட்டின பூட்டை மூன்று முறை இழுப்பேன். ஏற்காட்டின் பருவங்களைப் பற்றி மாதாமாதம் பத்திரிகைக்கு எழுதுகிறவளுக்கு இந்தக் குணம் நல்லதுதான் என்று வேறு நினைத்திருந்தேன். காப்பி பூப்பது, மிளகு பழுப்பது, மூடுபனி இறங்குவது எல்லாம் என் நோட்டில் ஏறும். மழையை அளக்க, வாசலில் இருக்கும் சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு மழைமானி வைத்திருந்தேன்.

பழனியம்மாக்கா எதிர் எஸ்டேட்டில் வேலை செய்தார். அங்கே தினமும் காலையில் மழையளவு பார்த்து ஆபீசில் சொல்வது அவர்தான். என் கட்டுரைகளை மகள் செல்வி அவருக்கு வாசித்துக் காட்டுவாள். வேலைக்குப் போகும் வழியில் என் வாசலில் நின்று ஏதாவது கேட்பார்.

"குயில் கத்துச்சுன்னு எழுதியிருந்தீங்களே அம்மணி, கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எந்தப் பக்கமிருந்துங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கண்ணுல பாக்காததுக்கு நோட்டுல எடம் குடுக்காதீங்க" என்பார். என்னிடம் குற்றம் கண்டுபிடிக்கவே வருகிறார் என்று நினைத்தேன்.

போன வருஷம் மார்கழியில் என் மழைமானி தினமும் காலியாக இருந்தது. அதற்கு முந்தின மார்கழியில் ஒரு நாள் தவறாமல் தண்ணீர் இருந்தது. மலையின் மார்கழி மழை என்று உருகி உருகி எழுதியிருந்தேன். இந்த முறை யாரோ தண்ணீரைக் கவிழ்த்துவிடுகிறார்கள் என்று தோன்றியது. ஒருநாள் விடிந்ததும் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். பழனியம்மாக்கா கேட்டைத் திறந்து வந்தார். மழைமானியைத் தூக்கிச் செடியில் கவிழ்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். கையும் களவுமாகப் பிடித்தேன்.

"அது மழை இல்லீங்க அம்மணி. பனி மரத்துல படிஞ்சு சொட்டுற தண்ணி."

"அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"போன வருசமே சொன்னனுங்க. உனக்குத்தான் எல்லாந் தெரியுமான்னு கேட்டீங்க. நீங்க எழுதுறதப் படிச்சுட்டு, மார்கழியில இங்க நொம்ப மழைன்னு நாலு பேரு நம்பீருவாங்க."

இனிமேல் என் வாசலை மிதிக்கக் கூடாது என்றேன். கேட்டைச் சாத்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து சாலையின் மறு ஓரமாக நடந்தார். என் எழுத்தின் மேல் பொறாமை என்று முடிவு கட்டினேன். இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கார்த்திகையில் ஒரு காலை. பனி மூடியிருந்தது. சாலை காய்ந்து கிடந்தது. மழைமானியில் மட்டும் ஒரு விரற்கடைத் தண்ணீர். குனிந்து பார்த்தபோது மரத்திலிருந்து பிடரியில் சொட்டென்று விழுந்தது. அன்றே அதைத் திறந்தவெளிக்கு மாற்றினேன். மறுநாள் பனி இருந்தது, தண்ணீர் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது? பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஒண்டிக்கடையில் பத்தடி தூரத்தில் பார்த்தும் கூப்பிடவில்லை.

தான் எழுதினதையே கேள்வி கேட்கச் சொன்ன அவருடைய சந்தேகத்தை இப்போது நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். முன்பு எனக்கிருந்தது வேறு வகை. அடுத்தவர் மேல் மட்டும் பாயும்.

இந்த அஞ்சலியைச் செம்மநத்தத்துக்கு எடுத்துப்போய்ச் செல்வியிடம் வாசித்துக் காட்டினேன். 'அக்கா என்னை எப்போதோ மன்னித்திருப்பார்' என்று முடித்திருந்தேன்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியுங்க?" என்றாள் செல்வி.

தெரியாது. அங்கேயே உட்கார்ந்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன்.