துலக்காத வளையம்

சண்முகவேல் அண்ணாச்சி காலமான செய்தி எனக்குக் காலைக் காப்பி நேரத்தில் வந்தது. அவர் மகன் முருகேசன் பெங்களூரிலிருந்து பேசினான். "மேடம், அப்பா தவறிட்டாங்க. தூக்கத்துலயே போயிருக்கு. நான் கெளம்பிட்டேன்" என்றான். அந்த நேரத்தில் சொல்ல வேண்டியதை நான் சொன்னேன். போனை வைத்ததும் என் மனத்தில் முதலில் எழுந்தது அவர் முகம் அல்ல. குற்றாலத்தில் அவர் வீட்டு மாடியறையில், கூட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் நான்கு குஞ்சுகளின் கால்கள். இதை நாசூக்காக மறைத்து எழுத எனக்கு வராது. அண்ணாச்சியை அறிந்த நம் பறவை வட்டத்து நண்பர்களிடம் மறைக்கவும் தேவையில்லை.

முந்தின நாள்தான் அவர் போனில் சொல்லியிருந்தார். "மேடம், நாளைக்குச் சாயங்காலம் வந்துருங்க. நாலுக்கும் பதம் வந்துரும். மூத்தவன் நமக்காகக் காத்துக்கிட்டிருக்க மாட்டான்."

நம் வட்டத்தின் இந்த இதழைப் புரட்டும் உங்கள் வீட்டாருக்காக ஒரு விளக்கம். ஃபின்ச் என்பது கூண்டில் வளர்க்கும் சின்னக் குருவி. அதன் குஞ்சுக்குக் காலில் போடும் வளையம் மூட்டில்லாதது. எண் பொறித்த சின்ன அலுமினிய வளையம். குஞ்சின் முன்விரல்கள் மூன்றையும் சேர்த்துப் பிடித்து, அவற்றின் வழியே வளையத்தை ஏற்றி, பின்விரலை விடுவிக்க வேண்டும். பாதம் சிறிதாக இருந்தால் கழன்று விழும். வளர்ந்துவிட்டால் ஏறவே ஏறாது. இடையில் இருப்பது மிகக் குறுகிய காலம். அது போனால் அந்தப் பறவைக்கு ஆயுள் முழுவதும் வளையம் கிடையாது. இறகு முளைத்துக் கூட்டை விட்டு இறங்கியபின் எது எந்த ஜோடியின் குஞ்சு என்று பெற்றவைக்கே தெரியாது. நமக்கு எப்படித் தெரியும்?

அந்த நான்கும் சாதாரணக் குஞ்சுகள் அல்ல. ஆண் ஃபின்ச்சுக்குக் கன்னம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கறுத்த கன்னமுள்ள வம்சம் ஒன்றை உண்டாக்க அண்ணாச்சியும் நானும் பல வருடங்களாகப் பாடுபட்டோம். அவர் வீட்டு ஆண், என் வீட்டுப் பெண். எத்தனையோ முட்டைகள் கூமுட்டையாகி, எத்தனையோ ஜோடிகள் ஒன்றையொன்று கொத்திப் பிரிந்தபின், நாங்கள் எதிர்பார்த்த ஜோடி முதன்முறையாகப் பொரித்த குஞ்சுகள் அவை.

அவரை எனக்கு அறிமுகம் செய்தது ஒரு விபத்து. என் கணவர் மறைந்தபின் வீட்டில் சத்தம் வேண்டும் என்பதற்காக ஒரு ஜோடி வாங்கியிருந்தேன். முதல் குஞ்சுகளுக்கு நானே வளையம் போட்டேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். எதையும் சுத்தம் செய்யாமல் கையில் எடுக்க மாட்டேன். வளையங்களை ஸ்பிரிட்டில் கழுவி, மெல்லிய துணியால் பளபளவென்று துடைத்துப் போட்டேன். மறுநாள் விடிந்ததும் பார்த்தால் இரண்டு குஞ்சுகள் கூண்டின் தரையில் கிடந்தன. பறவைத் தீனி விற்கும் கடைக்காரர் ஒரு எண் கொடுத்தார். அழைத்த சற்று நேரத்தில் டி.வி.எஸ்.ஸில் ஒரு பெரிய மீசை வந்து இறங்கியது. போக்குவரத்துப் பிரிவில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வுபெற்றவர். குனிந்து பார்த்தார்.

"யாரு மேடம் ரிங்கைத் துலக்கி வச்சது? குத்துவெளக்கு மாதிரில்லா மின்னுது!"

"அழுக்கு ஆகாதென்று துடைத்தேன்."

"உங்களுக்கு அழுக்கு ஆகாது. தாய்க்குருவிக்கு மினுக்கம் ஆகாது. கூட்டுக்குள்ள வெள்ளையா என்னமோ கெடக்கேன்னு இழுத்து வெளிய போடுது. அதோட புள்ளையும் சேந்து வருது."

சொல்லிக்கொண்டே இரண்டு குஞ்சுகளையும் உள்ளங்கையில் வைத்து வாயால் ஊதினார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கேட்காமலே காப்பி வாங்கிக் குடித்தார். காப்பி முடிவதற்குள் சட்டைப்பை அசைந்தது. அன்று முதல் நான் வளையத்தை விளக்குக் கரியில் தோய்த்து, மங்க வைத்துத்தான் போடுகிறேன். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் போடுகிறேன். இருட்டிவிட்டால் தாய்ப்பறவை அடைகாத்து உட்கார்ந்துவிடும், குஞ்சின் காலைக் கவனிக்காது. இந்த இரண்டு வழக்கமும் அவருடையவை.

எங்களுக்குள் சண்டை இல்லாத வாரம் இல்லை. எனக்குக் காத்திருக்கத் தெரியாது. குஞ்சு பொரித்த நாளிலிருந்து நாள் எண்ணி, காலையும் மாலையும் அவருக்குப் போன் செய்வேன். ஒருமுறை பொறுக்காமல் சொன்னார்: "காலண்டர் உங்க வீட்டுச் செவுத்துல மாட்டியிருக்கு மேடம். கூட்டுக்குள்ள மாட்டலை." சாரல் விழும் மாதங்களில் தீனி வேறு, சூடு வேறு, வளர்ச்சி வேறு என்பார். குஞ்சின் காலைப் பார், கண் திறந்ததா பார், நாளைப் பார்க்காதே என்பார். நானும் விடமாட்டேன். "சீசனுக்கு ஐந்தருவி ரோட்டில் விசில் ஊதி வண்டியை விரட்டின மனுஷருக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது?" என்று கேட்பேன். "அங்கன ஊதி ஊதித்தான் மேடம், மிச்சம் பூரா இங்கன வச்சிருக்கேன்" என்பார்.

அவர் இறந்த அன்று அந்த ரோட்டில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. தென்காசியில் நான் ஏறிய ஆட்டோ, வெளியூர் வேன்களுக்கு நடுவே நகரவே இல்லை. மழைத் தூறலில் இறங்கி நடந்தேன். வழியெல்லாம் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதில் 'பறவை நேசர்' என்று போட்டிருந்தது. அவர் பறவை நேசர் அல்ல. பறவை வளர்த்தவர். இரண்டும் ஒன்றல்ல என்று அங்கேயே நின்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

முருகேசன் வந்து சேர இரவாகும் என்பதால் மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள். அந்த ஒரு மாலையை எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். பெண்களோடு உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். தலைக்கு மேலே, மாடியில், தீனிக்காகக் குஞ்சுகள் கத்துவது கேட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கும் நேரம் வந்தது, போனது. உடல் வீட்டில் கிடக்கும்போது வளையம் போடட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பி, குளித்து, சாப்பிட்டு முடித்தார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு நானும் திரும்பி வந்திருந்தேன். "எல்லாத்தையும் செங்கோட்டைல ஒரு கடைக்குக் கொடுத்துரலாம்னு இருக்கேன் மேடம். அம்மாவால பாத்துக்கிட முடியாது" என்று முருகேசன் சொன்னான். அப்போதுதான் நான் கேட்டேன். "கொடுப்பது பிறகு ஆகட்டும். இன்றைக்கு நான்கு குஞ்சுக்கு வளையம் போட வேண்டும். மாடிக்குப் போகலாமா?"

அவன் பதில் சொல்வதற்குள் அவன் அத்தை முந்திக்கொண்டாள். "நல்லாருக்கு கூத்து! எழவு வீட்டுல குருவிக்குக் கொலுசு மாட்ட வந்திருக்காவ பாரு. ஊரு என்ன பேசும்?"

நான் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருப்பேன். அதற்குள் மூலையில் சுருண்டு கிடந்த கோமதி எழுந்து உட்கார்ந்தாள். அண்ணாச்சியின் மனைவி. மாடியிலிருந்த முப்பது கூண்டுகளையும் ஒரு நாளும் தொட்டதில்லை. மாடிப்படி முழுக்க உமியைக் கொட்டிவைக்கிறார் என்று சண்டை போடுகிறவள்.

"ஏட்டி, சும்மா இரு" என்று நாத்தியிடம் சொன்னாள். "அன்னைக்கு ராத்திரி படுக்கப் போகையில அவுக சொன்னது அது ஒண்ணுதான். நாளைக்கு ரிங் போடணும், மேடம் வருவாக, காப்பிக்குப் பால் வாங்கி வையின்னாக. விடிஞ்சதும் வாங்கி வச்ச பால் அப்படியே கெடக்கு." பிறகு என்னைப் பார்த்தாள். "வாங்கக்கா. கரி வேணும்லா உங்களுக்கு?"

அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒரு அகல் எரிந்துகொண்டிருந்தது. அதன் முகத்தில் படிந்திருந்த கரியைச் சுண்டுவிரலால் வழித்தாள். அண்ணாச்சி என்னிடம் தந்து வைத்திருந்த நான்கு வளையங்களையும் வாங்கி, ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். அவள் கால்விரலில் மெட்டி இருந்தது. பதினாறாம் நாள் காரியத்தில் கழற்றும் வரைக்கும் இருக்கும். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மாடியில் அவர் முனை மழுக்கி வைத்திருந்த ஈர்க்குச்சி, வழக்கமான இடத்தில், சன்னல் கம்பியில் செருகியிருந்தது. கோமதி டார்ச் பிடித்தாள். கடைசிக் குஞ்சுக்கு வளையம் தானாக நழுவிப் போனது. அடுத்ததற்கும் போனது. மூன்றாவதற்குப் பின்விரலை ஈர்க்கால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. மூத்ததைக் கையில் எடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பாதத்தின் மேட்டில் வளையம் நின்றது. திருப்பிப் பார்த்தேன். விரல்களை இன்னும் நெருக்கிப் பார்த்தேன். குஞ்சு கத்தியது.

"எண்ணெய் கொண்டாரட்டாக்கா?" என்றாள் கோமதி.

முன்பொரு முறை நம்மில் ஒருவர் இதையே கேட்டதும், அண்ணாச்சி சொன்னதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்று அவர் கையில் இருந்தது அந்த வருடத்தின் மிகச் சிறந்த குஞ்சு. வளையம் இல்லாவிட்டால் திருநெல்வேலிக் கண்காட்சியில் கூண்டையே வைக்க விடமாட்டார்கள். "எண்ணெய் போட்டா ஏறும். பெறவு எறங்காது. கால் வீங்கிச்சுன்னா காலையே எடுக்கணும். கண்காட்சிக்கு நீரு போவும், குருவி எதுக்கு வரணும்?" என்று சொல்லிவிட்டு, அதைக் கூட்டுக்குள் திரும்ப வைத்தார்.

நானும் வைத்தேன். ஒரு மாலை பிந்தியதற்காக யார்மீது கோபப்படுவது என்று தெரியவில்லை. பெங்களூர் ரோட்டின்மீதா, அவர்மீதா?

"அப்ப இதை எப்படி அடையாளம் கண்டுபிடிக்க?" என்றாள் கோமதி. அந்த அறையைச் சுற்றி டார்ச்சை அடித்துப் பார்த்தாள். கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த பறவைகளின் கால்களில் வளையங்கள் தெரிந்தன. "எல்லாத்துக்கும் போட்டிருக்காவளே. இங்கன போடாதது இது ஒண்ணுதான? அப்ப இதைத்தானக்கா மொதல்ல கண்டுபிடிக்கலாம்."

இத்தனை வருடத்தில் அது எனக்குத் தோன்றியதில்லை. அவருக்குத் தோன்றியிருக்கும். சொல்லாமல் விட்டிருப்பார்.

பறவைகள் செங்கோட்டைக்குப் போகவில்லை. படியிறங்கி வந்ததும் கோமதி மகனிடம் சொல்லிவிட்டாள்: "ஒண்ணும் எங்கயும் போகாண்டாம். அக்கா சொல்லித் தருவாக." இப்போது நான்கு குஞ்சுகளும் கூட்டை விட்டு இறங்கிவிட்டன. கன்னம் நிறம் மாற இன்னும் காலம் இருக்கிறது. கறுக்குமா, ஆரஞ்சாகவே வந்து எங்கள் இத்தனை வருடத்தையும் கேலி செய்யுமா, தெரியாது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினமும் காலையில் போன் செய்கிறேன், மாலையிலும் செய்கிறேன். நேற்று கோமதி சிரித்துவிட்டாள். அவர் போனபின் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்முறை.

"காலண்டர் உங்க வீட்டுச் செவுத்துலதான் மாட்டியிருக்குக்கா. அவுக சொல்லுவாக."

அண்ணாச்சியின் பொருள் என்று என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. மூத்த குஞ்சுக்கு ஏறாமல் போன வளையம். வெள்ளிக் குங்குமச் சிமிழில் வைத்திருக்கிறேன். சிமிழ் வெகு காலமாகக் காலியாகத்தான் இருந்தது. தினமும் திறந்து பார்க்கிறேன். அந்த அகலின் கரி இன்னும் அதன்மேல் இருக்கிறது. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள், ஆனாலும் எழுதிவைக்கிறேன். அதை நான் துலக்கவில்லை.